குடியுரிமையும் வாழ்வுரிமையும்

பல்கலைக்கழகத்தில் சேரும் நாளில் நாம் நிரப்பும் விண்ணப்பத்தில் இருபது கேள்விகளாவது இருக்கும். அவற்றுள் எந்தக் கேள்விக்குச் சிறிதும் சிந்திக்காமல் பேனா ஓடுகிறது? 'நாட்டுரிமை' என்ற கேள்விக்குத்தான். தந்தையின் ஆண்டு வருமானத்தை எழுதும்போதுகூட ஒரு கணம் தயங்குகிறோம். 'இந்தியர்' என்று எழுத எவரும் தயங்குவதில்லை. மூச்சு விடுவது போல அது நமக்கு இயல்பாகிவிட்டது. மூச்சின் அருமை அது முட்டும்போதுதான் தெரியும். குடியுரிமையின் அருமையும் அவ்வாறே. அது இல்லாதவர் வாழ்வைப் பார்த்தால்தான் அது என்ன செய்கிறது என்பது விளங்கும்.

சென்ற மாதம் விடுதியில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: "குடியுரிமை இல்லாவிட்டால் வாக்குரிமை இருக்காது, அவ்வளவுதானே? ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச் சாவடிக்குப் போகாவிட்டால் சோறு கிடைக்காமலா போய்விடும்?" நல்ல கேள்வி. சோறு கிடைக்காமல் போகும் என்பதே என் விடை. அது எப்படி என்பதை ஒரு மக்களின் வரலாற்றைக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன். இலங்கையின் மலையகத் தமிழர் வரலாறு அது. என் குடும்பமும் அவர்களுள் ஒன்று. என் தாத்தாவும் அப்பாயியும் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே, மற்றொரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இரண்டுக்கும் இடையே நடந்தவை எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. சுமார் பத்து லட்சம் மக்களின் கதை.

யார் இவர்கள்?

இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியபோது, 1823 முதல், தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கூட்டம் கூட்டமாக அங்கே சென்றனர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் துரத்தின; கங்காணியின் சொல் அவர்களை அழைத்தது. தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தவர்களுள் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869-இல் காப்பிச் செடியில் இலைத் துரு நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் காப்பித் தொழிலே அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்கு ஆண்டில் சில மாதங்கள் ஆள் போதும். தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுதும் எடுக்க வேண்டும். ஆகவே வந்து போய்க்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர். 1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் சுமார் 7,80,000 பேர். அந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்று சொல்லலாம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி அவர்கள் கையால் பறித்த கொழுந்திலிருந்து வந்தது.

சட்டம் கேட்ட சான்று

இலங்கை 1948 பிப்ரவரி 4-இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15-இல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது சட்டம். அதற்கு முன் பிறந்த ஒருவர் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும்.

சொல்லளவில் இச்சட்டம் எல்லார்க்கும் பொதுவானது. ஆனால் கிராமத்துச் சிங்களவரை யாரும் பூட்டனின் பிறப்புச் சான்றைக் கொண்டுவரச் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளியிடம்தான் சான்று கேட்கப்பட்டது. 1948-இல் நாற்பது வயதான ஒருவரின் தந்தை பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். லயத்து அறையில் பிறந்த குழந்தையின் பெயரை அந்நாளில் யார் ஒழுங்காகப் பதிந்து வைத்தார்கள்? தோட்டத்தில் தவறாமல் பெயர் ஏறிய ஏடு ஒன்றே ஒன்று, அது செக்ரோல். காலையில் பெரட்டுக்களத்தில் நின்றால் அதில் பெயர் விழும். ஒரு நாள் கூலிக்கே அங்கு 'ஒரு பேர்' என்பதுதான் வழக்கு. பாதி நாள் உழைத்தால் 'அரைப் பேர்'. உழைப்பைக் கணக்கிட ஏடு இருந்தது. பிறப்பைக் கணக்கிட ஏடு இல்லை. எங்கள் அப்பாயி இதை ஒரே வரியில் சொல்லுவார்: "செக்ரோல்ல பேர் இருந்துச்சு, சீமையில பேர் இல்ல."

அறிவியல் மாணவர் ஒருவர் இங்கே ஒன்றை உடனே கவனிப்பார். அளந்து பார்க்காத இடத்தில் அளவு இல்லை என்பதனால், பொருளே இல்லை என்று முடிவு செய்யலாகாது. பதிவு இல்லை என்பதும் பிறக்கவில்லை என்பதும் ஒன்றாகா. ஆயினும் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே கொண்டது.

அடுத்த ஆண்டு, 1949-இல், இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று காட்டி விண்ணப்பிக்கலாம் என்றது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஆண்டுகள் பல கடந்து, குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே 1949-இல் குடிமக்களுக்கே வாக்கு என்று தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. 1952 தேர்தலில் அதற்கு ஓர் இடமும் இல்லை.

இச்சட்டங்களை எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கள இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். மலையக மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி காரணமாகவே செல்வநாயகம் தாம் இருந்த தமிழ்க் காங்கிரசை விட்டு விலகித் தனிக் கட்சி கண்டார். சட்டம் நடைமுறைக்கு வந்த இருபத்தைந்தாம் நாள், 1948 டிசம்பர் 10-இல், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்பது அதன் பதினைந்தாம் விதி.

சோற்றுக்கு வந்த கேடு

இனி நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். வாக்கு போனால் சோறு எப்படிப் போகும்?

முதலில் வேலையைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளி குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் ஒரு குடும்பம். வேலை போனால் வீடும் போகும். மற்ற நாட்டுத் தொழிலாளிக்கும் இத்தொல்லை உண்டு; ஆனால் அவன் 'இந்த வேலை வேண்டாம்' என்று வேறு ஊருக்குப் போகலாம். நாடற்ற தொழிலாளி எங்கே போவான்? அரசு வேலை குடிமக்களுக்கே. காடு திருத்தி உழவர்க்கு நிலம் கொடுத்த குடியேற்றத் திட்டங்களும் குடிமக்களுக்கே. கடை வைக்கவும் வண்டி ஓட்டவும் உரிமம் கேட்டால் அங்கும் அதே கேள்விதான். எல்லாக் கதவும் மூடியபின் திறந்திருந்த கதவு பெரட்டுக்களம் ஒன்றே. போக இடமில்லாதவன் என்று தெரிந்த பின், முதலாளி கூலியை ஏன் உயர்த்துவார்? பேரம் பேசுபவனுடைய வலிமை, 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லக் கூடிய வலிமைதான். குடியுரிமை போனபோது அந்த மக்களிடமிருந்து முதலில் பறிபோனது அதுதான்.

இரண்டாவது, கல்வி. 1960-ஐ ஒட்டி இலங்கை அரசு பெரும்பாலான பள்ளிகளைத் தன் பொறுப்பில் ஏற்றது. தோட்டப் பள்ளிகள் அதில் சேரவில்லை. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்பு என்ற நிலையில் அவை நின்றன. 1970-களில்தான் அரசு அவற்றை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதற்குள் ஒரு தலைமுறை கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டது. என் தாத்தா அத்தலைமுறையைச் சேர்ந்தவர்.

மூன்றாவதாக வாக்கு. தோட்டத்துக்குப் பாதை போட்டால் எவருக்கு வாக்கு கூடும்? மருத்துவமனை கட்டினால் எவர் வெல்வார்? எவருக்கும் பயனில்லை. பயனில்லாத இடத்தில் பாதை வராது. பாதை வராத இடத்துக்கு மருத்துவர் வரமாட்டார். பிள்ளைப் பேற்றில் இடர் வந்தால் தாயைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். வாக்குச் சாவடிக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

இவை எல்லாம் ஒன்று சேர்ந்தால் என்ன நேரும் என்பதை 1973, 1974-ஆம் ஆண்டுகள் காட்டின. உலகச் சந்தையில் தானிய விலை ஏறிற்று; இலங்கையில் பங்கீட்டு உணவு குறைந்தது. கிராமத்தானுக்குக் கொல்லையில் பலாவும் மரவள்ளியும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்குக் கையகல நிலமும் சொந்தமில்லை. வேலை நாள்களும் குறைந்துபோயின. தோட்டப் பகுதிகளில் சாவு விகிதம் வெகுவாக ஏறிற்று. நகரங்களின் தெருக்களில் தோட்டத்து மக்கள் கையேந்தி நின்றனர். பின்னர் தோட்டங்களை அரசுடைமை ஆக்கியபோது, சில இடங்களில் நிலம் பக்கத்துக் கிராமத்தாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தலைமுறைகளாக அந்நிலத்தில் உழைத்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். 'இது என் நாடு' என்று வழக்காட அவர்களிடம் தாள் இல்லை.

உள்ளத்துக்கு நேர்ந்ததும் சிறிதன்று. அங்கேயே பிறந்தவர்களைப் பார்த்துக் 'கள்ளத்தோணி' என்று கூப்பிட்டார்கள். தாத்தா இங்கு வந்து பல ஆண்டுகள் ஆன பின்பும், காக்கிச் சட்டையைக் கண்டால் மடியில் இருக்கும் காகிதங்களைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாராம்.

தாவரவியலில் ஒரு விதி உண்டு. ஜெர்மானிய விஞ்ஞானி லீபிக் பெயரால் அது வழங்குகிறது. செடிக்கு வேண்டிய சத்துகளுள் எது மிகக் குறைவோ, அதுவே வளர்ச்சியின் எல்லையை வகுக்கும். மற்றச் சத்துகளை எவ்வளவு கொட்டினாலும் அந்தக் குறையை அவை ஈடு செய்யா. உழைப்பு, சிக்கனம், அறிவு ஆகிய அனைத்தும் மனித வாழ்வுக்கு வேண்டிய சத்துகள். மலையக மக்களிடம் உழைப்புக்குக் குறையில்லை. 'உழைத்தால் உயரலாம்' என்று அறிவுரை கூறுவோர் இவ்விதியை எண்ணிப் பார்க்க வேண்டும். குடியுரிமை அறவே இல்லாத இடத்தில் உழைப்பை இரட்டித்தாலும் உயர்வு வருவதில்லை.

இரு நாடுகள் போட்ட கணக்கு

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றனர். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த எச்சமும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அந்த மக்களின் பேராளர் எவரும் இவ்வொப்பந்தங்களில் கையெழுத்திடவில்லை.

வகுத்தல் கணக்கில் மீதி வராமல் பிரிக்கலாம். குடும்பத்தை அப்படிப் பிரிக்க இயலுமோ? அண்ணன் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தான்; தங்கை கணவனோடு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தாள். தலைமன்னாருக்குப் புறப்படும் இரயிலை எங்கள் அப்பாயி 'அழுகைக் கோச்சி' என்றே சொல்லுவார். ஏறியவரும் அழுதனர், மேடையில் நின்றவரும் அழுதனர். தம் அக்காளை அவர் அன்று பார்த்ததுதான் கடைசி.

பிறந்தவர்களையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். மண்டபம் முகாமில் இறங்கி, பல திசைகளில் பிரிந்தனர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் 1968-இல் இவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பிறகு அதுவே 'டான்டீ' என்னும் கழகமாயிற்று. கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர், கேரளத்தில் புனலூர், நிக்கோபாரில் கச்சால் தீவு. அங்கெல்லாம் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறினர். கடன் பெற்றுக் கடை வைக்குமாறு சமவெளி ஊர்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர். மலையில் கொழுந்து பறித்தவருக்கு வாணிகம் தெரியுமா? கடன் தொகை கரைந்ததும் கூலி வேலை தேடி அவர்களும் நீலகிரிக்கே ஏறி வந்தனர்.

இவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அது பெரும் பேறு. நான் இன்று இங்கே படிப்பதே அதனால்தான். ஆனால் ஒரு தலைமுறை நாடற்று இருந்ததன் வடு அடுத்த தலைமுறையிலும் தெரியும். கல்லூரியில் சேர நான் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, ஓர் அலுவலகத்தில் தாத்தாவின் பூர்விக ஊரிலிருந்து பத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். அவருடைய தாத்தாவே இலங்கையில் பிறந்தவர். பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் தாத்தாவின் பெயர் இருந்தது. என் தந்தை ஆறு நாள் கூலியை இழந்து அலைந்தார். ஆறாம் நாள் சான்றிதழ் கிடைத்தது. கிடைக்காமல் படிப்பை விட்டவர்களை எங்கள் லயத்திலேயே நான் அறிவேன்.

இன்னும் முடியாத கதை

ஒப்பந்தப்படி வர வேண்டியவர் எல்லாரும் வரவில்லை. 1983-இல் இலங்கையில் பெருங்கலவரமும் போரும் மூண்டன. 1984-ஐ ஒட்டிக் கப்பலும் நின்றது. 1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியிருந்த மலையகத் தமிழர் பலர், அப்போரில் தோணி ஏறித் தமிழ்நாட்டுக்கு வந்தனர். ஒப்பந்தக் கப்பலில் வந்திருந்தால் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. தோணியில் வந்ததால் 'அகதிகள்'. முகாம்களில் வாழ்ந்தோர் 2021-இல் சுமார் 58,000 பேர். அவர்களுள் கணிசமானோர் மலையக வழியினர்.

அவர்களுடைய பிள்ளைகள் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள். நம் நாட்டுச் சட்டப்படி 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்த குழந்தை பிறப்பால் குடியுரிமை பெறும். மறுநாள் பிறந்த குழந்தைக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராய் இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகியது. ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் சட்டப்படி இந்தியர், தம்பி நாடற்றவர். அத்தம்பி பொறியியல் பட்டம் பெற்றாலும் அரசுப் பணிக்கு எழுத முடியாது. பாஸ்போர்ட் பெற முடியாது. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் நேரில் நின்றாக வேண்டும் என்பதால் தொலைவில் வேலைக்குப் போவதும் கடினம். பட்டம் பெற்றவர்கள் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் செல்கிறார்கள். அப்படிச் செல்லும் அண்ணனைப் பார்த்துத் தம்பி பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறான். அவனைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், குடியுரிமை கோரும் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. தீர்ப்பு வந்தும், முகாம்கள் முகாம்களாகவே இருக்கின்றன.

இது தீராத நோயன்று. தீர்த்துக் காட்டிய நாடு இலங்கையேதான். 1986, 1988-ஆம் ஆண்டுச் சட்டங்கள் பாதி வழி வந்தன. 2003-இல் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்துச் சட்டம் செய்தது. அலுவலர்களும் தொண்டர்களும் தோட்டந்தோறும் சென்றனர். பத்தே நாள்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுத் துயரத்துக்குப் பத்து நாள் மருந்து போதுமானதாயிருந்தது.

ஆனால் ஆறிய புண்ணுக்கும் தழும்பு உண்டு. 1987-இல் இயற்றப்பட்ட பிரதேச சபைச் சட்டத்தில், சபைப் பணத்தைத் தோட்டப் பகுதிகளில் செலவிடத் தடை இருந்தது. குடியுரிமை வந்த பின்னும் அத்தடை நீடித்தது, 2018-இல்தான் திருத்தப்பட்டது. சொந்த நிலமும் சொந்த வீடும் வேண்டும் என்ற குரல் மலையகத்தில் இன்றும் ஒலிக்கிறது. குடியுரிமையைப் பறிப்பதற்கு ஒரு நாள் போதும். கொடுப்பதற்குப் பத்து நாள் போதும். இடையில் இழந்த பள்ளியையும் நிலத்தையும் உடல் நலத்தையும் மீட்கத் தலைமுறைகள் ஆகின்றன. இதனால்தான் காலம் தாழ்த்துவதையே பெரும் அநீதி என்கிறேன்.

நம் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழகத்தை விட்டுத் தொலைவில் வந்து படிக்கும் நாம், பொங்கலும் முத்தமிழ் விழாவும் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். அத்துடன் ஒன்றும் செய்யலாம். தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகளும் முகாம் பிள்ளைகளும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எந்தத் தாள் எங்கே கேட்கப்படும், எவ்விதி அவர்க்குப் பொருந்தும் என்று சொல்ல ஆளில்லாமல் திகைக்கிறார்கள். சட்டத்துறையில் பயிலும் நம் நண்பர்கள் இருவர் மூவர் முன்வந்தால், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஊர் செல்லும்போது ஒரு முகாமுக்கோ ஒரு தோட்டத்துக்கோ சென்று அவர்களுடன் அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கலாம். வரும் கோடையில் கோத்தகிரிப் பக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்றப் பக்கங்களுக்குப் பெயர் தர விரும்புவோர் சங்கச் செயலரிடம் தருக.